மீன் இனவிருத்திக்கு ஏற்ற தொட்டி

அழகு மீன்களை வளர்ப்பது வேறு. அவற்றை இனவிருத்தி செய்வது வேறு. முன்னது கண்ணுக்கு இன்பம் தரும் பொழுதுபோக்கு. பின்னதோ, எத்துணைச் சிறிய அளவில் நடைபெறினும், விதையிட்டு நாற்று வளர்த்துப் பயிராக்கும் உழவினை ஒத்த தொழிலாகும். நாற்றங்காலும் நடவு வயலும் ஒன்றாக இருத்தல் இயலாது என்பதை உழவர் அறிவர். அவ்வாறே, கூடத்தில் வைத்துப் பார்ப்பதற்கான தொட்டியும் குஞ்சு பொரிப்பதற்கான தொட்டியும் ஒன்றாக இருத்தல் இயலாது. இந்த வேறுபாட்டை உணராமையே, புதிதாக இம்முயற்சியில் இறங்குவோரிற் பலர் அடையும் தோல்விக்கு முதற் காரணமாகும்.

பொதுவாக நிகழ்வது இதுதான். நல்ல நிறமும் உடல்வளமும் கொண்ட ஓர் இணை மீன்கள் வாங்கப்படுகின்றன. கூழாங்கற்களும் செடிகளும் நிறைந்த பெரிய தொட்டியில் ஏனைய மீன்களோடு அவை விடப்படுகின்றன. சில வாரங்களில் முட்டையும் இடப்படுகிறது. ஆயினும் மறுநாட் காலையில் முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. வளர்ப்போர் மீனைக் குறைகூறுவர், உணவை மாற்றுவர், வேறோர் இணையை விலைகொடுத்து வாங்குவர். உண்மையில் முட்டைகளைத் தின்றவை அத்தொட்டியிலிருந்த மீன்களே. பெரும்பாலும் ஈன்ற மீன்களே அவற்றைத் தின்றிருக்கும். மீனிலும் குறையில்லை, உணவிலும் குறையில்லை. தொட்டியின் தேர்விலேதான் குறை உள்ளது.

கண்ணாடித் தொட்டியில் மீன்களை வைத்துப் பார்க்கும் வழக்கம் பொதுக் காட்சிச்சாலைகளால் பரவியதாகும். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1853ஆம் ஆண்டில் மீன்களுக்கென ஒரு மனை திறக்கப்பட்டது. சென்னை மெரினாக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே ஒரு மீன் காட்சிசாலை அமைந்தது. பம்பாயில் மரீன் டிரைவ் சாலையில் தாராபூர்வாலா மீன் காட்சிசாலை 1951ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. அந்நகரத்து மக்களில் பல தலைமுறையினர் மீன் தொட்டி என்பதை முதன்முதலாகக் கண்டது அங்கேதான் எனலாம். அங்கிருந்தவை யாவும் காட்சிக்குரிய தொட்டிகள். மக்கள் மனத்தில் பதிந்த உருவமும் அதுவேயாதலின், இனவிருத்திக்கும் அதே உருவத்தை நாடுகின்றனர்.

நவி மும்பையின் ஒரு பகுதியாகிய நெருளில், மாதுங்கா, செம்பூர், தாராவி ஆகிய இடங்களைப் போலவே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்து வருகின்றன. 1970ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சிட்கோ என்னும் நகர் வளர்ச்சிக் கழகத்தின் திட்டப்படி எழுந்த அந்நகரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளே மிகுதி. ஓர் அறையும் கூடமும் சமையற்கட்டும் ஒரு சிறு பலகணித் தாழ்வாரமும் கொண்ட வீட்டில், மீன் பெருக்கி விற்று ஓரளவு வருவாய் தேடலாமா என எண்ணுவோர்க்கு இடமும் நீரும் பணமும் அளவுக்குட்பட்டவை. இத்தகையோரைக் கருத்திற் கொண்டே இனவிருத்தித் தொட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை இங்கு விளக்கப்படுகிறது. இதன் அடிப்படை விதி ஒன்றே: தொட்டி பெரிய மீனுக்காக அன்று, முட்டைக்காகவும் குஞ்சுக்காகவும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

நீரின் மேற்பரப்பு

மீன்கள் சுவாசிக்கும் பிராணவாயு நீரில் கரைந்து நிற்பது. அது பெரும்பாலும் காற்றிலிருந்து நீரின் மேற்பரப்பு வழியாகவே உட்புகுகிறது. மீன்கள் வெளியிடும் கரியமிலவாயுவும் அவ்வழியாகவே வெளியேறுகிறது. ஆதலால் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதைக் காட்டிலும், அதன் மேற்பரப்பு எவ்வளவு என்பதே முதலில் கேட்கத்தக்கது.

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் நீர் கொள்ளும். அதன் மேற்பரப்பு 1,800 சதுர செ.மீ. அதே தொட்டியை நிமிர்த்தி, 30 செ.மீ. சதுர அடியும் 60 செ.மீ. உயரமும் உடையதாக அமைத்தாலும் 54 லிட்டரே கொள்ளும். ஆனால் மேற்பரப்பு 900 சதுர செ.மீ. ஆகிவிடும். நீர் ஒன்றே, சுவாசிக்கும் வாயில் பாதியாகிவிட்டது. கடைகளில் விற்கும் உருண்டைக் கண்ணாடிக் கலங்களைக் கழுத்துவரை நிரப்பினால், மேற்பரப்பு மேலும் சுருங்கிவிடுகிறது. அவை இனவிருத்திக்கு முற்றிலும் தகுதியற்றவை.

வெப்பமும் இங்குக் கருதத்தக்கது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ள வல்லது. 30 டிகிரியில் அது 7½ மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். வெப்பம் ஏற ஏற மீனின் சுவாசத் தேவையோ மிகுகிறது. மும்பையின் ஏப்ரல், மே மாதங்களில் ஒரே தொட்டியில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளை அடைத்து வைப்போர் அவற்றைத் திடீரென இழப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆகவே நீண்டு அகன்று, ஆழம் குறைந்த தொட்டியே பொதுவாக நலம் பயக்கும். இவ்விதிக்கு விலக்கானவை பின்னர்க் கூறப்படும்.

முட்டையிடும் முறையும் தொட்டியும்

மீன்கள் இனம் பெருக்கும் முறைகளை நான்காக வகுத்துக்கொண்டால், எந்த மீனுக்கு எந்தத் தொட்டி என்பது தானே விளங்கும்.

முதலாவது, குட்டி ஈனும் மீன்கள். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவை இவ்வகையின. இவற்றின் முட்டைகள் தாயின் வயிற்றிலேயே பொரிந்து, நீந்தவல்ல குஞ்சுகளாக வெளிவருகின்றன. கப்பி ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஈனும். ஒருமுறை ஆணோடு கூடிய பெண் அவ்விந்துவைத் தன்னுள் சேமித்து வைத்துப் பலமுறை ஈனவும் வல்லது. பிறந்த குஞ்சுகளைத் தாயே துரத்தித் தின்னும். ஆதலால் இங்குத் தேவையானது பெரிய தொட்டி அன்று. குஞ்சு ஒளிந்துகொள்ளத்தக்க தொட்டியே. 20 முதல் 40 லிட்டர் கொள்ளும் தொட்டியில், மெல்லிய இலைகளையுடைய நீர்ச்செடிகளை அடர்த்தியாக மிதக்கவிட்டால் போதும். ஈனும் தறுவாயிலுள்ள தாயை அதில் விட்டு, ஈன்றவுடன் வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். சிறு பிளாஸ்டிக் கூண்டுகளில் தாயை அடைத்து வைக்கும் முறையும் உண்டு. எனினும் நெடுநேரம் அடைபட்ட தாய் கலக்கமுற்று, நிறைமாதமாகாத குஞ்சுகளை ஈன்றுவிடுதல் கூடும்.

இரண்டாவது, முட்டைகளைச் சிதறிவிடும் மீன்கள். வரிக்குதிரை மீன் எனப்படும் டானியோ, பார்பு வகைகள், டெட்ரா வகைகள், தங்கமீன் ஆகியவை இதில் அடங்கும். வரிக்குதிரை மீன் நம் நாட்டிற்கும் உரியது. கங்கைப் பகுதியின் மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் ஹாமில்டன் 1822ஆம் ஆண்டில் அதனை விவரித்து வெளியிட்டார். இன்று உலகெங்குமுள்ள உயிரியல் ஆய்வுக்கூடங்களில் அது வளர்க்கப்படுகிறது. மும்பை கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலும் அதனைக்கொண்டு ஆராய்ச்சிகள் நடைபெற்றுள்ளன. இதன் முட்டைகள் ஒட்டுந்தன்மையற்றவை; இட்டவுடன் அடியில் அமிழ்ந்துவிடும். பெற்ற மீன்கள் அவற்றைத் தேடிப் பொறுக்கித் தின்னும்.

ஆய்வுக்கூடத்தார் இதற்குக் கண்ட வழி மிக எளிது. ஒரு கலத்தினுள் மற்றொரு கலத்தை வைத்து, உட்கலத்தின் அடியில் துளைகள் அமைக்கின்றனர். முட்டை அத்துளை வழியே கீழே இறங்கிவிடும். மீன் இறங்க இயலாது. இதே தத்துவத்தை வீட்டிலும் கையாளலாம். 45 செ.மீ. நீளமுள்ள தொட்டியில் 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் நீர் விட்டு, அடியில் கோலிக்குண்டுகளை இரண்டு அடுக்காகப் பரப்பினால், முட்டைகள் அவற்றின் இடுக்குகளில் விழுந்து தப்பும். கோலிக்குப் பதிலாக, அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் வலையைப் பொருத்தலாம். ஆழம் குறைவாயிருப்பதன் காரணம் இதுவே: முட்டை மேலிருந்து கீழ் இறங்கும் நேரம் குறையக் குறைய, அது வழியில் தின்னப்படும் வாய்ப்பும் குறையும். இம்மீன் வைகறை வெளிச்சம் பட்டவுடன் முட்டையிடும் இயல்புடையது. ஆதலால் முன்னாள் மாலையில் இணையை விட்டு, மறுநாள் முற்பகலிலேயே எடுத்துவிட வேண்டும். முட்டைகள் இரண்டு மூன்று நாட்களிற் பொரியும்.

தங்கமீனின் முட்டைகள் ஒட்டுந்தன்மை உடையவை. அவற்றுக்குக் கோலிக்குண்டுகள் பயன்படா. செடிகளோ, நைலான் நூற்கொத்துகளோ வேண்டும். முட்டை ஒட்டிய கொத்துகளை அப்படியே எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடலாம். தங்கமீன் உருவிற் பெரியது. துரத்தி நீந்தி முட்டையிடுவது. ஆயிரக்கணக்கில் இடவும் வல்லது. அடுக்குமாடி வீட்டிற்கு ஏற்ற மீன் இது அன்று. மொட்டைமாடியிலோ முற்றத்திலோ சிமெண்டுத் தொட்டி அமைக்க இடமுள்ளோரே இதனை மேற்கொள்ளல் தகும்.

மூன்றாவது, ஒரு பரப்பைத் தேர்ந்து முட்டைகளை ஒட்டிவைத்துக் காவல் புரியும் மீன்கள். தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றைச் சேர்ந்த ஏஞ்சல் மீன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதன் உடல் தட்டையாகவும், மேலும் கீழும் நீண்ட துடுப்புகளுடனும் அமைந்தது. செங்குத்தான அகன்ற இலையையோ கற்பலகையையோ துப்புரவு செய்து, அதன்மேல் வரிசை வரிசையாக முட்டையிடும். ஆகவே ஆழம் குறைந்த தொட்டியே நலம் என்னும் முன்கூறிய விதிக்கு இம்மீன் விலக்காகும். நீர் குறைந்தது 35 முதல் 40 செ.மீ. ஆழமாவது இருத்தல் வேண்டும். 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. உயரமும் உள்ள தொட்டியில் ஓர் இணையை மட்டும் தனித்து வைத்து, சாய்த்து நிறுத்திய ஒரு கற்பலகையையோ, வழவழப்பற்ற ஓட்டையோ, குழாய்த் துண்டையோ வைக்க வேண்டும். அடியில் மணலோ கூழாங்கல்லோ வேண்டியதில்லை. துப்புரவு செய்வதற்கு வெற்றுக் கண்ணாடியே எளிது. இத்தொட்டி ஆள் நடமாட்டமற்ற மூலையில் இருத்தல் இன்றியமையாதது. அடிக்கடி அச்சுறுத்தப்படும் இணை தன் முட்டைகளைத் தானே தின்றுவிடும்.

நான்காவது, நுரைக்கூடு கட்டும் மீன்கள். ஃபைட்டர் மீனும் கௌராமி வகைகளும் இவை. இவற்றின் ஆண், வாயால் காற்றுக் குமிழிகளை உமிழ்ந்து நீர்ப்பரப்பில் கூடமைத்து, பெண் இடும் முட்டைகளை அக்கூட்டினுள் வைத்துக் காக்கும். பாரிஸ் நகரத்து கார்போனியே என்பவர் 1869ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து வந்த சொர்க்கமீனை இனவிருத்தி செய்தார். வெப்ப நாடுகளின் அழகு மீன்களை ஐரோப்பாவில் பெருக்கியதன் தொடக்கமாக இது கருதப்படுகிறது. அதுவும் நுரைக்கூடு கட்டும் மீனே. நம் கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளின் குள்ளக் கௌராமியும் இவ்வகையைச் சேர்ந்தது.

இவற்றுக்கு 10 முதல் 15 செ.மீ. ஆழ நீரே போதும். கூட்டிலிருந்து நழுவி விழும் முட்டைகளையும் குஞ்சுகளையும் ஆண் வாயிற் கவ்வி மேலே கொணரும். ஆழம் மிகுந்தால் அதன் உழைப்பு வீணாகும். நீரோட்டம் கூட்டைக் கலைக்குமாதலால், காற்றுக் குழாயை நிறுத்திவிட வேண்டும். ஆயினும் மூடி அவசியம். இம்மீன்கள் செவுளுக்கு மேலுள்ள ஒரு தனியுறுப்பினால் வெளிக்காற்றையும் சுவாசிப்பவை. குஞ்சுகளில் அவ்வுறுப்பு வளரும் சில வாரங்களில், நீர்ப்பரப்புக்கு மேலுள்ள காற்று இளஞ்சூடும் ஈரமும் உடையதாக இருத்தல் வேண்டும். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை அகற்றாவிடில் ஆண் அதனைக் கடித்துக் கொல்லவும் கூடும். மும்பைத் தெருக்களில் நிழல் தரும் நாட்டு வாதுமை மரத்தின் உலர்ந்த இலையொன்றை நீரில் இடும் பழக்கம் ஃபைட்டர் வளர்ப்போரிடையே உண்டு. அதிலிருந்து கசியும் துவர்ப்புப் பொருள் நீரைச் சற்றே அமிலத்தன்மை உடையதாக்குகிறது.

தொட்டியின் பொருள்

கண்ணாடித் தொட்டியின் சிறப்பு, முட்டையையும் குஞ்சையும் அன்றாடம் கண்காணிக்க இயலுவதாகும். கண்ணாடியின் தடிப்பைத் தீர்மானிப்பது நீரின் மொத்த அளவன்று. ஆழமும் பக்கத்தின் நீளமுமே. மேற்கூறிய 60 செ.மீ. தொட்டியில் 30 செ.மீ. நீர் நிரம்பியிருக்கையில், நீண்ட பக்கத்தின்மீது நீர் செலுத்தும் தள்ளுவிசை ஏறக்குறைய 27 கிலோகிராம் எடைக்குச் சமம். உயரத்தை மட்டும் 60 செ.மீ. ஆக்கினால் அது இரு மடங்காகாது. நான்கு மடங்காகி 108 கிலோகிராமை எட்டும். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டிக்கு 5 அல்லது 6 மி.மீ. கண்ணாடி வழக்கமாகப் பயன்படுகிறது, 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. உயரமும் உள்ளதற்கு 10 மி.மீ. கண்ணாடியும், மேல் விளிம்பில் குறுக்குப் பட்டைகளும் வேண்டும். பலகைகளை ஒட்டும் சிலிக்கோன் பசை பூஞ்சைக்கொல்லி கலவாததாக இருத்தல் வேண்டும். ஒட்டியபின் அதன் புளிக்காடி நெடி முற்றிலும் நீங்கும்வரை பொறுத்து, ஒருமுறை நீர் நிரப்பிக் கொட்டிய பின்னரே மீன்களை விடலாம்.

சிமெண்டுத் தொட்டி மலிவானது. வெப்பநிலை விரைவில் மாறாதது. எனினும் புதிய சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரைக் காரத்தன்மை உடையதாக்கும். அது மீனுக்குக் கேடு விளைக்கும். புதிய தொட்டியை நிரப்புவதும் சில நாள் கழித்துக் கொட்டுவதுமாகப் பலமுறை செய்து, நீரின் காரத்தன்மை அடங்கியதைச் சோதனை வில்லையாலோ தாளாலோ அறிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் தொட்டிகள் எடை குறைந்தவை, உடையாதவை. குஞ்சு வளர்ப்புக்கு மிகவும் ஏற்றவை. உணவுப் பொருள் வைப்பதற்கெனச் செய்யப்பட்டவையாயின் ஐயமின்றி வாங்கலாம். மருந்தோ ரசாயனமோ இருந்த பீப்பாய்களை எத்துணை மலிவாகக் கிடைப்பினும் தீண்டலாகாது. செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் கூடாதவை. செம்பு சிறு அளவிலும் மீன்களுக்கு நஞ்சாகும்.

நீர் கூறும் யோசனை

எந்த மீனைப் பெருக்குவது என்று முடிவு செய்யுமுன் வீட்டுக் குழாயின் நீரைக் கலந்தாலோசிப்பது நன்று. நெருள் உள்ளிட்ட நவி மும்பை மாநகராட்சிப் பகுதிக்கு, ராய்கட் மாவட்டத்துக் காலாபூர் வட்டத்திலுள்ள மோர்பே அணையிலிருந்து குடிநீர் வருகிறது. மலைச்சரிவில் பெய்த மழை தேங்கிய இத்தகைய நீர் பொதுவாக மென்னீராகவே இருக்கும். அதாவது, அதில் சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் குறைவு. ஏஞ்சல் மீன், டெட்ரா வகைகள், ஃபைட்டர் முதலியவை மென்னீரில் நன்கு பொரிப்பவை. மோலியோ சற்றுக் கடினமான நீரையே விரும்புவது.

சென்னையின் நிலத்தடி நீர் பொதுவாகக் கடின நீர். அழகு மீன் வாணிகத்திற்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரில் எளிதாகப் பெருகும் ஒரு மீன், நெருளின் குழாய் நீரில் தளர்வதும், அங்குப் பொரிக்காத முட்டை இங்குப் பொரிப்பதும் இதனால் நேரலாம். உறவினர் ஊரிலிருந்து கொணர்ந்த மீன் இங்கு ஈனவில்லையெனில், தொட்டியின் வடிவத்தை மாற்றுமுன் நீரின் கடினத்தன்மையைச் சோதித்தல் வேண்டும். கழிமுகத்தை அடுத்த பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பேறியிருத்தல் கூடும். கட்டடத்தின் மேல்நிலைத் தொட்டியில் அந்நீர் கலக்கப்படுகிறதா என்பதையும் கேட்டறிதல் நலம்.

குழாய் நீரிலுள்ள குளோரின் கிருமிகளைக் கொல்வது போலவே முட்டைகளையும் குஞ்சுகளையும் கொல்லும். அகன்ற கலத்தில் ஒரு நாள் முழுவதும் காற்றுப்படும்படி வைத்த நீரையே பயன்படுத்த வேண்டும். அவசரமாயின் சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலைச் சில துளிகள் சேர்க்கலாம். ஆகவே, தொட்டி ஒன்று வாங்குவோர் நீர் வைத்திருப்பதற்கான வாளியோ பீப்பாயோ ஒன்றையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா கொடிய நஞ்சு. நீரில் வாழும் சில நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் குடியேறுவதற்குச் சில வாரங்கள் ஆகும். இனவிருத்தித் தொட்டிக்கு மிகச் சிறந்த வடிகட்டி, காற்றுக் குழாயால் இயங்கும் கடற்பஞ்சு வடிகட்டியே. விசைமிக்க வடிகட்டிகள் குஞ்சுகளை உறிஞ்சிவிடும்; இது உறிஞ்சுவதில்லை. இப்பஞ்சினை முன்னதாகவே பழைய தொட்டி ஒன்றில் சில வாரம் ஓடவிட்டுப் பழக்கி, தேவைப்படும்போது புதிய தொட்டிக்கு மாற்றினால், முதல் நாளிலிருந்தே நீர் தூய்மையாக இருக்கும்.

வெப்பநிலையும் தொட்டியின் அளவோடு தொடர்புடையது. சிறு தொட்டி விரைவிற் சூடேறும், விரைவிற் குளிரும். மும்பையில் ஜனவரி மாதத்து இரவுகளில் வெளிவெப்பம் 16, 17 டிகிரி வரை இறங்குவதுண்டு. அக்காலத்தில் திறந்த தாழ்வாரத்திலுள்ள சிறு தொட்டியில் ஏஞ்சல் மீனும் ஃபைட்டரும் முட்டையிடுவதை எதிர்பார்த்தல் வீண். தொட்டியை உள்ளறைக்கு மாற்றுவதோ, லிட்டருக்கு ஒரு வாட் என்னும் அளவில் சூடாக்கும் கருவி பொருத்துவதோ செய்யலாம்.

வீட்டின் தளம் தாங்குமா?

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்தது. ஆயினும் தொட்டி வாங்குகையில் இது மறக்கப்படுகிறது. 60 செ.மீ. தொட்டி நீரோடும் கண்ணாடியோடும் 63 கிலோகிராம். ஓர் ஆள் எடை. 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகல உயரங்களும் உள்ள தொட்டியோ 243 கிலோகிராம் நீரும் 50 கிலோகிராம் கண்ணாடியும் கொண்டது. தாங்கியையும் சேர்த்தால் 300 கிலோகிராமைத் தாண்டும். இது நான்கைந்து ஆட்கள் ஓரிடத்திலேயே இரவும் பகலும் அசையாது நிற்பதற்கு ஒப்பாகும்.

குடியிருப்பு அறைகளின் தளம், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோகிராம் எடையைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்பட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். இது தளம் முழுவதும் பரவிய எடைக்குரிய கணக்கு. ஒரு சிறு தொட்டியால் கேடில்லை. பெருந்தொட்டிகளை அடுக்கடுக்காக ஒரே சுவரோரம் நிறுத்துவதும், பழைய கட்டடத்தின் வெளிநீட்டிய தாழ்வாரத்தில் ஏற்றுவதும் அபாயம் விளைவிக்கக் கூடியவை. தொட்டிகளை உத்தரத்தை ஒட்டிய சுவரோரங்களில் பிரித்து வைப்பதும், பெருந்தொட்டியாயின் கட்டடப் பொறியாளரைக் கேட்பதும் அறிவுடைமையாகும். கீழ்வீட்டாரின் கூரை நம் வீட்டின் தரை என்பதை மறத்தலாகாது.

ஒரு பெருந்தொட்டியா, மூன்று சிறு தொட்டிகளா?

இனவிருத்திக்கு ஒரு தொட்டி போதாது. குறைந்தது மூன்று வேண்டும். முதலாவதில் ஆணும் பெண்ணும் தனித்தனியே நல்லுணவு பெற்றுத் தகுதியடைகின்றன. இதற்கு நடுவே தடுப்பிட்ட தொட்டி போதும். இரண்டாவதில் முட்டையிடுகின்றன. மூன்றாவதில் குஞ்சுகள் வளர்கின்றன. இவற்றுள் மிகப் பெரியதாக இருக்க வேண்டியது மூன்றாவதே. பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றனர். ஈன்ற இணைக்கு மாளிகையும் குஞ்சுகளுக்குக் குடுவையும் தருகின்றனர்.

ஏஞ்சல் மீனின் ஓர் ஈட்டில் பல நூறு முட்டைகள் இருக்கலாம். அவற்றுள் 200 குஞ்சுகள் தப்பின என வைத்துக்கொள்வோம். பிறந்த முதல் வாரத்தில் அவற்றுக்கு 20 லிட்டர் நீர் தாராளம். இரண்டு மாதங்களில் அவை நாணய அளவுக்கு வளர்ந்தபின், ஒரு குஞ்சுக்கு இரண்டு லிட்டர் வீதம் வைத்தாலும் 400 லிட்டர் வேண்டும். இவ்விடம் இல்லையெனில் குஞ்சுகள் சிறுத்து, துடுப்புகள் கோணலாகி, ஒன்றன்பின் ஒன்றாக மடியும். எஞ்சியவற்றுக்கும் விலை கிடையாது. ஆகவே முட்டைகளின் எண்ணிக்கையிலிருந்து அல்லாமல், வளர்ப்பதற்குள்ள இடத்திலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும். இடம் 100 லிட்டர் மட்டுமே எனில், கப்பியோ ஃபைட்டரோ தகும். ஏஞ்சல் மீனாயின் ஐம்பது குஞ்சுகளை மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றை இளமையிலேயே பிற வளர்ப்போரிடம் கொடுத்துவிடல் வேண்டும்.

குஞ்சுகளின் முதலுணவும் தொட்டியின் அளவைப் பொறுத்தது. பெருந்தொட்டியில் தூவிய நுண்ணுணவு எங்கும் சிதறிக் குஞ்சின் வாய்க்கு எட்டாமற் போகும். எஞ்சியது அழுகி நீரைக் கெடுக்கும். முதல் பத்து நாட்கள் சிறு கலத்தில் வைத்து, நுண்ணுயிர் நீரும், பின்னர் உப்புநீரில் ஏறக்குறைய ஒரு நாளிற் பொரியும் ஆர்ட்டீமியாக் குஞ்சுகளும் ஊட்டி, படிப்படியாகப் பெரிய கலத்துக்கு மாற்றுவதே முறை.

ஊருக்குச் செய்யும் கடமை

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, வீடுகளில் தேங்கிய தெளிந்த நீரிலேயே முட்டையிடுவது. மீனில்லாத வெற்றுத் தொட்டியிலும், குளோரின் நீங்குவதற்காக வைத்த பீப்பாயிலும் ஏறக்குறைய ஒரு வாரத்திலிருந்து பத்து நாட்களுக்குள் புதுக் கொசுக்கள் தோன்றிவிடும். ஆகவே இவற்றை நெருக்கமான வலையால் மூடுதலும், பயனில்லாதபோது கவிழ்த்து உலர்த்துதலும் மழைக்காலத்தில் தவறாது செய்யவேண்டியவை.

மற்றொன்றும் உண்டு. நெருள், தாணே கழிமுகத்தை ஒட்டிய ஊர். பூநாரைகள் கூடும் அக்கழிமுகத்தின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. மிகுந்துபோன மீன்களை இரக்கத்தால் ஏரியிலோ வாய்க்காலிலோ விடுதல், இரக்கமன்று. தென்னமெரிக்காவிலிருந்து தொட்டிமீனாகக் கொணரப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளுத்தி, இவ்வாறு வெளியேறி இந்திய நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, உள்நாட்டு மீன்களுக்கும் மீனவர் வலைகளுக்கும் கேடு விளைவித்து வருகிறது. வளர்க்க இடமில்லாத குஞ்சைப் பெருக்காதிருத்தலே உண்மையான இரக்கம்.

நன்கு நடத்தப்படும் இனவிருத்தியால் இயற்கைக்கு நன்மையும் விளையும். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கே உரிய செங்கோட்டுக் கெண்டை, ‘மிஸ் கேரளா’ என்னும் பெயரால் உலகச் சந்தையில் விலைபோனதால், ஆறுகளிலிருந்து பெருவாரியாகப் பிடிக்கப்பட்டு அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. பின்னர்க் கேரளத்தில் அதனைத் தொட்டிகளிலேயே பொரிக்கச் செய்யும் முறை கண்டறியப்பட்டது. தொட்டியில் பிறந்த ஒவ்வொரு மீனும் ஆற்றில் ஒரு மீனைப் பிடிபடாமல் காக்க வல்லது.

இத்துறையில் முறையான பயிற்சி பெற விரும்புவோர்க்கு, மும்பை வெர்சோவாவில் 1961ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய மீன்வளக் கல்வி நிலையம் அருகிலேயே உள்ளது. மத்திய அரசு 2020ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரியின் மீன்வளத் திட்டத்தில், வீட்டுப் புறக்கடையில் அழகு மீன் வளர்க்கும் சிறு நிலையங்களுக்கும் இடமளிக்கப்பட்டது. அதன் கீழ் மதிப்பிட்ட செலவில் பொதுப் பிரிவினர்க்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்கும் 60 விழுக்காடும் உதவியாக வகுக்கப்பட்டிருந்தது. இவ்வகை உதவிகளின் நடப்பு நிலையை மாவட்ட மீன்வள அலுவலகத்தில் கேட்டறியலாம்.

எனினும் பயிற்சியும் உதவியும் கிடைக்குமுன்னரே தொடங்கத்தக்க வேலை ஒன்று உண்டு. கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதிக்கொள்ள வேண்டும். தேர்ந்த மீன் முட்டையை எங்கே இடும்? வீட்டுக் குழாய் நீர் அதற்கு ஏற்றதா? தளம் எவ்வளவு எடையைத் தாங்கும்? குஞ்சுகள் வளர்ந்தபின் எங்கே வைக்கப்படும்? இந்நான்கிற்கும் விடை எழுதியவர்க்குத் தொட்டியின் நீள அகல உயரங்கள் தாமே புலப்படும். அவ்வாறு தேர்ந்த தொட்டி கூடத்தை அலங்கரிக்கும் அழகுடையதாக இராமற்போகலாம். ஆனால் அதில் இடப்பட்ட முட்டை மறுநாட் காலையிலும் இருக்கும்.